வலது முட்டி, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று

ஆந்திராவில், புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, தாசில்தார் ஆபீசில் மௌனம். நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சொந்தமாக நிலம் கிடையாது. அடுத்தவர் கரும்பை வெட்டினார், அடுத்தவர் தோப்பில் மாங்காய் பறித்தார். அக்காவை ரேணிகுண்டாவில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். நான் இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்த வருஷம் அந்த ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டார்கள்.

நாடு கதவைத் திறந்துவிட்டது என்று அப்போது பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தது பக்கத்து வீட்டுக் கலர் டி.வி.; வெளியே போனது அக்கா. ரேணிகுண்டா பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒருத்தி குவைத்துக்குப் போகிறாள், அல்லது வந்திருக்கிறாள். அக்காவும் பாஸ்போர்ட் எடுத்தாள், வீட்டு வேலை விசாவில் போனாள்.

மூன்று மாடி வீடாம். மூன்றிலும் மார்பிள் தரை. துடைப்பதற்கு நீளக் கம்பு வைத்த மாப் இருந்தது. ஆனால் வீட்டுக்கார மேடத்துக்கு அதில் நம்பிக்கை இல்லை. முட்டி போட்டு, கையால் துணி பிடித்துத் துடைத்தால்தான் தரை துடைத்ததாகக் கணக்கு. எஸ்.டி.டி. பூத்துக்கு அக்கா போன் செய்யும்போது மூச்சுவிடாமல் இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் என் விஷயத்துக்கு வருவாள்.

“இங்க ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிற மலையாளத்தாரு காரு வெச்சிக்கினு இருக்காருடா. நீயும் அதப் படி.”

இப்படித்தான் என் தொழில் தீர்மானமானது. அக்கா அனுப்பிய பணத்தில் வேலூரில் இரண்டு வருஷ டிப்ளமோ முடித்தேன். திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு எக்ஸ்ரே சென்டரில் சேர்ந்தேன். கார் இன்றுவரை இல்லை. குவைத்துக்கும் போகவில்லை. ஆனால் எலும்பு பார்த்தேன், ஏராளமாக. திருமலைக்கு நடந்து ஏறி இறங்கியவர்களின் முட்டிகள் மட்டுமே நான் அந்தச் சம்பளத்துக்கு வேலை செய்யப் போதுமானவையாக இருந்தன. கொஞ்ச நாளில், முட்டிப் படம் என்றால் அந்த ஆளிடம் எடு என்று டாக்டர்களே சொல்லி அனுப்பும் அளவுக்குப் பெயர் வாங்கினேன்.

எட்டு வருஷம் கழித்து அக்கா திரும்பி வந்தாள். கயிறு கட்டிய இரண்டு பெட்டி, நாலு கம்பளி, வலது முட்டியில் ஒரு வலி. ரேணிகுண்டா ஸ்டேஷன் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக அவள் இறங்கியதைப் பார்த்த அம்மா, அங்கேயே நோயைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“எட்டு வருஷம் முட்டி போட்டுத் தரை தொடச்சா, முட்டி என்னா இரும்பா?”

அதற்குப் பிறகு யாரும் வேறு காரணம் தேடவில்லை. டாக்டர்கள் உட்பட. எந்த டாக்டரிடம் போனாலும் அக்கா உட்கார்ந்ததும் குவைத்திலிருந்து ஆரம்பிப்பாள். மூன்று மாடி, மார்பிள், துணி. அவர் தலையாட்டிக்கொண்டே சீட்டில் எழுதிவிடுவார்: வலது முட்டி, எக்ஸ்ரே, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. கதை அவ்வளவு கச்சிதமாக முட்டியில் வந்து முடிந்தது.

அம்மா அதற்கு இன்னொரு பாதியையும் சேர்த்துக்கொண்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டிச் சொல்வாள்: “இவன் படிப்புக்கு அவ முட்டியக் குடுத்தா.” வந்தவர்கள் அக்காவின் முட்டியைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், அவ்வளவு பெறுமானம் உண்டா என்று. கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் அக்காவுக்கு நான் நாற்காலி தூக்கிக்கொண்டு போவேன். பந்தியில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது அவள் மட்டும் நாற்காலியில் இலையை மடியில் வைத்திருப்பாள். நான் பக்கத்தில் நின்று பரிமாறுவேன். என் மனைவி ஒருமுறை கேட்டாள், “நாற்காலி தூக்குறதுக்கும் டிப்ளமோவுல ஒரு பேப்பர் இருந்ததா?”

முதல் எக்ஸ்ரே நான்தான் எடுத்தேன். அப்போது பிலிம் காலம். எடுத்த படத்தை இருட்டறைக்குள் கொண்டுபோய் மருந்துத் தண்ணீரில் முக்கி, கிளிப்பில் மாட்டிக் காயவைக்க வேண்டும். முட்டியை நேராக எடுக்க ஒரு முறை இருக்கிறது. மல்லாக்கப் படுக்கவைத்து, காலை நீட்டி, பாதத்தைப் பிடித்துக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பவேண்டும். அப்போதுதான் முட்டிச் சில்லு நடுவில் உட்காரும். அக்காவின் கால் தானாக வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. நான் பிடித்து உள்ளே திருப்பினேன்.

“டேய், அப்பிடித் திருப்பாதடா. உயிரு போவுது.”

“ஒரு நிமிஷம் அக்கா. அசையாத. அசைஞ்சா படம் ஆடிடும்.”

பாதம் மறுபடி வெளியே சாயாமல் இருக்க, ஓரத்தில் ஒரு மணல் பையை முட்டுக்கொடுத்தேன். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். படம் பிரமாதமாக வந்தது. “லேசான தேய்மானம்” என்று ரிப்போர்ட். அந்த வயதில் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அது வரும். ஆனால் லேசான தேய்மானம் என்று எழுதிக்கொடுத்த பிறகு அதை யார் சும்மா விடுவார்கள்? மாத்திரை, தைலம், முட்டிக்கு மாட்டும் எலாஸ்டிக் உறை, கரன்ட்டில் ஒத்தடம். புத்தூரில் கட்டுப்போடும் இடத்துக்கும் கூட்டிப்போனோம். அவர்கள் முட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, எலும்பு எதுவும் முறியவில்லை, எங்களுக்கு இங்கே வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் எல்லோரும் அவர்களைக் குறைசொன்னோம். வலிக்கிறது என்று வந்தவளுக்கு ஒரு கட்டுகூடப் போடவில்லையே!

ஒன்பது வருஷத்தில் ஏழு தடவை அந்த முட்டியை எடுத்தேன். ஏழு தடவையும் திருப்பினேன், ஏழு தடவையும் அவள் கத்தினாள், ஏழு தடவையும் அசையாதே என்றேன். அக்கா அதற்குள் தரையில் உட்காருவதை விட்டிருந்தாள். நடக்கும்போது வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். எல்லாம் முட்டியின் கணக்கில் போனது.

இதற்கிடையில் திருப்பதி மாறிக்கொண்டே போனது. லாட்ஜ் இருந்த இடத்தில் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இன்னும் பெரிய ஆஸ்பத்திரி. எங்கள் முதலாளி எக்ஸ்ரே சென்டரை ஸ்கேன் சென்டர் ஆக்கினார். எம்.ஆர்.ஐ. மிஷின் வந்திறங்கியபோது தேங்காய் உடைத்தோம். பிலிம் போய் கம்ப்யூட்டர் வந்தது. இருட்டறையில் துடைப்பக்கட்டையும் பழைய நாற்காலியும் குடியேறின. வேலை செய்பவர்களின் குடும்பத்துக்குச் சலுகை உண்டு என்றார் முதலாளி. அக்காவைவிடத் தகுதியான முட்டி எங்கே இருக்கிறது?

கம்மல், வளையல், கொண்டை ஊசி எல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படுத்தாள். முட்டிக்கு மட்டும் ஒரு கூடு மாட்டினோம். சத்தம் அதிகமாக இருக்கும், பயப்படாதே என்றேன். வெல்டிங் பட்டறைக்காரன் பொண்டாட்டிக்குச் சத்தத்தைப் பற்றிச் சொல்றியா என்றாள். பிறகு மிஷினை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“இது வலியப் பாக்குமாடா?”

“வலி தெரியாது அக்கா. எலும்பு, ஜவ்வு, நீர் கோத்திருந்தா அது, எல்லாம் தெரியும்.”

“அப்போ வலி எங்க இருக்குதுன்னு அதுக்கு யாரு சொல்றது?”

“டாக்டருதான் சீட்டுல எழுதியிருக்காரே.”

அக்கா சமாதானமாகிவிட்டாள். நானும்.

ரிப்போர்ட் இரண்டு பக்கம் வந்தது. ஜவ்வில் தேய்வு, குருத்தெலும்பில் மெலிவு, கொஞ்சம் நீர். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, பக்கம் தெரியும். “ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்காங்கன்னா சும்மாவா” என்று அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் படங்களைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இத்தனை வருஷம் மருந்து கேட்கவில்லை, இனி முட்டியையே மாற்றிவிடலாம் என்றார். அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. சரி என்றாள். வலியைவிட, வலியைப் பற்றி எல்லோரும் விசாரிப்பது அவளுக்குச் சலித்திருந்தது.

ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு அந்த டாக்டர் ஹைதராபாத்துக்கு மாறிப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஒரு பெண் டாக்டர் வந்திருந்தார். சின்ன வயசு. இவர் ஒருமுறை பார்த்துவிடட்டும், அவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் லீவு போட்டுவிட்டு, ஏழு எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ.யும் ஒரு பெரிய பையில் போட்டுக்கொண்டு போனேன். எனக்கு அந்தப் பையைப் பற்றிக் கொஞ்சம் பெருமை உண்டு.

டாக்டர் பையைத் தொடவில்லை. அக்கா வழக்கப்படி குவைத்தில் ஆரம்பித்து இரண்டாவது மாடிக்கு வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

“கொஞ்செம் நடவண்டம்மா.”

அக்கா கதவுவரை நடந்து திரும்பினாள். டாக்டர் அவள் முட்டியைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தெலுங்கில் ஒரு கேள்வி கேட்டார். கால் நகத்தை நீங்களே வெட்டிக்கொள்வீர்களா?

“லேதம்மா,” என்றாள் அக்கா. கொஞ்சம் வெட்கப்பட்டு என்னிடம் தமிழில், “அஞ்சு வருஷமா ஒங்க மாமாதான் வெட்டிவுடறாரு” என்றாள். எனக்கு அது புதுச் செய்தி.

படுக்கவைத்தார். முட்டியை மடக்கினார், நீட்டினார், அசைத்தார். அக்கா சும்மா படுத்திருந்தாள். பிறகு தொடையோடு தூக்கி, மடக்கி, பாதத்தைப் பிடித்துத் திருப்பினார். அக்கா போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். ஏழு தடவை கேட்டிருக்கிறேன்.

டாக்டர் இப்போது பையை எடுத்தார். படங்களை ஒவ்வொன்றாக விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

“யார் எடுத்தது?” என்று தெலுங்கிலேயே கேட்டார்.

“நான்தான் மேடம்.”

“ரொம்ப நல்லா எடுத்திருக்கீங்க. இடுப்புக்கு ஒரு படம்கூட இல்லையே?”

“யாரும் எழுதித் தரலையே மேடம்.”

அவர் ஒரு சீட்டைக் கிழித்து எழுதினார். இடுப்பு முழுவதும், நேராக, ஒன்று.

அன்று மத்தியானம் எங்கள் சென்டரில் நானே எடுத்தேன். லீவில் வந்த ஆள் கவுன் போட்டுக்கொண்டு உள்ளே நுழைவதைப் பார்த்து வரவேற்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவைப் படுக்கவைத்தேன். இந்தப் படத்துக்கும் இரண்டு பாதங்களையும் உள்ளே திருப்பவேண்டும். இடது கால் திரும்பியது. வலது காலைத் தொட்டேன், திருப்பவில்லை. அப்படியே விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் வந்து பொத்தானை அமுக்கினேன்.

சில விநாடிகளில் திரையில் வந்துவிட்டது. இடது பக்கம், கிண்ணத்துக்குள் பந்து மாதிரி தொடை எலும்பின் தலை உருண்டையாக இருந்தது, சுற்றிலும் ஒரு கறுப்பு இடைவெளி. வலது பக்கம் இடைவெளியே இல்லை. பந்து ஒருபக்கம் அமுங்கி, எலும்பும் எலும்பும் ஒட்டிக்கிடந்தன. இதைப் பார்க்க டாக்டர் வேண்டியதில்லை, டிப்ளமோகூட வேண்டியதில்லை. நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளேயிருந்து அக்கா கூப்பிட்டாள். “என்னாடா, படம் ஆடிருச்சா? நான் அசையவே இல்லியே.”

சாயங்காலம் டாக்டர் அதை விளக்குப் பெட்டியில் மாட்டி, பேனாவால் காட்டினார். “மோகாலு காதம்மா, இதி” என்று இடுப்புச் சந்தைத் தொட்டார். முட்டி இல்லை, இதுதான். இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்பு முட்டிக்கும் போகிறதாம். மேலே கெட்டுப்போனதைக் கீழே வலித்துக் காட்டுமாம். சிலருக்குப் பிறவியிலேயே அந்தக் கிண்ணம் ஆழம் குறைவாக இருக்கும், அக்காவுக்கு அப்படித்தான். மாற்றவேண்டியது இடுப்பு மூட்டை. முட்டியைத் தொடவே வேண்டாம்.

அக்கா கேட்ட முதல் கேள்வி வலியைப் பற்றி இல்லை.

“அப்போ குவைத்து இல்லியா?”

டாக்டருக்குப் புரியவில்லை. நான் தெலுங்கில் சொன்னேன். குவைத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்திருந்தாலும் வந்திருக்கும், ஒருவேளை கொஞ்சம் பிந்தி வந்திருக்கும் என்றார் அவர். ஆறுதலாகத்தான் சொன்னார். அக்காவின் முகம் ஏதோ பறிகொடுத்தவள் மாதிரி ஆகிவிட்டது.

ஆட்டோ கரகம்பாடி ரோட்டைத் தாண்டியது. அக்கா சொன்னாள், “ஒம்போது வருஷமா அந்த மேடத்தத் திட்டிக்கினு இருந்தேனேடா.”

வீட்டுக்குப் போனதும் பழைய டைரியைத் தேடி எடுத்துக் குவைத்துக்குப் போன் போட்டாள். சமையலறை அரபியில் அரைமணி நேரம் பேசினாள். வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். “மேடத்துக்கு ரெண்டு முட்டியும் மாத்திட்டாங்களாம். ஜெர்மனிக்குப் போயி. ஒரு நாளு குனிஞ்சி துணி எடுத்தது கெடையாது அந்தம்மா.” கொஞ்சம் சிரித்தாள். பிறகு அழுதாள்.

எனக்கும் ஒரு சிக்கல். ஒன்பது வருஷமாக நான் சுமந்த குற்றவுணர்ச்சி தப்பான விலாசத்துக்கு வந்தது என்று தெரிந்துவிட்டது. அவள் முட்டியை என் படிப்பு தின்னவில்லை. நிம்மதியாக இருக்கவேண்டும். ஆனால் அந்த இடம் காலியாகவே இல்லை. மணல் பையை முட்டுக்கொடுத்தவன் நான். வலி எங்கே இருக்கிறது என்று என் இரண்டு கையும் தொட்டுப் பார்த்திருக்கிறது, ஏழு தடவை. பழைய குற்றத்துக்கு நாற்காலி தூக்கினால் போதும். இதற்கு என்ன தூக்குவது?

அக்காவிடம் ஒருநாள் சொல்லிவிட்டேன். “நான் அப்பவே கவனிச்சிருக்கணும் அக்கா.”

“நீ என்னா டாக்டரா? சீட்டுல எழுதனத எடுத்த. போடா” என்றாள். மன்னிப்பு மாதிரியும் இருந்தது, என் தகுதியைச் சொன்ன மாதிரியும் இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் வாக்கர் பிடித்து நிற்கவைத்தார்கள். தையல் போட்ட இடத்தில் வலி இருந்தது. முட்டியில் இல்லை. அக்கா கட்டிலில் உட்கார்ந்து வலது முட்டியைத் தட்டினாள், அமுக்கினாள், கிள்ளினாள். “எங்கடா போச்சி?” என்றாள், வீட்டில் வளர்த்த பூனையைக் காணாதவள் மாதிரி.

பார்க்க வந்தவர்களிடம் முதல் மாதம் முட்டி ஆபரேஷன் என்றேதான் சொன்னாள். இடுப்பு என்றால் நரம்பு, கிண்ணம், பிறவி என்று நிறைய சொல்லவேண்டும். முட்டி என்றால் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த கதை. அம்மாவுக்கும் அதுவே வசதி. பிறவிக் கோளாறு என்றால் பெற்றவளைத்தான் கேட்பார்கள். ஒரு நாள் ஊரிலிருந்து வந்த சொந்தக்கார அத்தை ஒருத்தி, தழும்பைக் காட்டு என்று பிடிவாதம் பிடித்துப் புடவையை முட்டிவரை தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. “தையலே போடாம எப்பிடிடீ ஆப்பரேசன் பண்ணாங்க?” என்று அவள் கேட்ட கேள்வி ரேணிகுண்டாவிலிருந்து நகரிவரைக்கும் போனது. வேறு வழியில்லாமல் அக்கா உண்மையைச் சொன்னாள்.

சொல்லச் சொல்ல அதுவும் கதையாகிவிட்டது. புதுக் கதையில் எல்லாம் முதலிலேயே தெரிந்தவள் அக்காதான். “நான் அன்னிக்கே சொன்னேன், திருப்பாதடா உயிரு போவுதுன்னு. இவன்தான் கேக்கல, படம் ஆடிடும்னான்.” இதைச் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தால் தலையைக் குனிந்துகொள்வேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

இப்போதெல்லாம் முட்டிப் படத்துக்கு வருகிறவர்களின் பாதத்தை நான் மெதுவாகத்தான் திருப்புகிறேன். கத்தினால் நிறுத்திவிட்டு, சீட்டின் ஓரத்தில் பென்சிலால் “இடுப்பு?” என்று எழுதி அனுப்புகிறேன். ஒரு டாக்டர் போனில் கூப்பிட்டு, நீங்கள் படம் எடுத்தால் போதும் என்றார். இன்னொருவர் ஒன்றும் சொல்லாமல் இடுப்புக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். அந்த நோயாளிக்குக் கோளாறு இடுப்பில்தான் இருந்தது.

போன மாதம் அக்கா தன் தெருவில் டிபன் கடை வைத்திருக்கும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஊன்றுகோல் இல்லாமல், சென்டரின் படிகளில் அவளே முன்னால் ஏறி வந்தாள். டிபன் கடை அம்மாவுக்கு ஆறு மாதமாக முட்டி வலி. சீட்டில் முட்டி என்று இருந்தது.

“முட்டிய வுடு. இடுப்ப எடு,” என்றாள் அக்கா.

“சீட்டுல...”

“இன்னுமாடா சீட்டு?”

நான் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, இரண்டையும் எடுத்தேன். அந்த அம்மாவின் பாதம் எண்ணெய் போட்ட கதவுபோல் சுலபமாகத் திரும்பியது. இடுப்பு மூட்டு இரண்டும் இருபது வயதுப் பெண்ணுக்கு இருப்பதுபோல் இருந்தன. முட்டி அடியோடு தேய்ந்திருந்தது.

அக்கா திரைக்குப் பக்கத்தில் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். “நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன் அக்கா. இடுப்புல ஒண்ணும் இல்ல. முட்டிதான்.”

அவள் டிபன் கடை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “வா, வேற சென்டருல எடுத்துப் பாக்கலாம். எங்க தம்பிக்கு முட்டி மட்டுந்தான் தெரியும்.”